மூச்சுக்கு முப்பது கிலோமீட்டர்

பாலாற்றங்கரை மருத்துவ வரலாறு – 17

சென்ற இதழில் தாம்பரம் சானடோரியத்தின் வாசலில் நின்றிருந்தோம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அதைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்த பெரிய மருந்து காற்றுதான். திறந்த ஜன்னல், மரநிழல், நல்ல சாப்பாடு, ஓய்வு. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணிதமேதை ராமானுஜனும் சில காலம் நோயாளியாக இருந்தார். நுரையீரல் நோய்க்கு ஊரை விட்டு விலகிய காற்றே வைத்தியம் என்று உலகமே நம்பிய காலம் அது. அந்தக் காற்றில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் ஒன்றை மட்டும் தனியே பிரித்து, இரும்பு உருளையில் அடைத்து, உத்திரமேரூர் அரசு மருத்துவமனையின் கட்டிலோரம் வரை கொண்டுவந்து நிறுத்திய கதை இந்த இதழில்.

ஆக்சிஜனின் வரலாற்றைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றியதில்லை. அடர்ந்த காட்டிலும் நடுத்தெருவிலும் ஒரே அளவில் இருக்கிற பொருள் இது. ஆனாலும் நள்ளிரவில் மூச்சுத் திணறுகிற ஒரு விவசாயக் கூலிக்கு அது கிடைக்குமா என்பதை வேறு கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. யார் சுமந்து வருகிறார்? எவ்வளவு தூரம்? வழியில் தீர்ந்தால் யார் மாற்றுவார்? அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்? இந்தக் கேள்விகளை முன்பே எழுதிவைத்த இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. காலம் 11-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதைப் படித்து, ‘எபிகிராபியா இண்டிகா’வின் 21-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கோயிலோடு சேர்ந்த வேதபாடசாலை, விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 கட்டில் கொண்ட ஆதுலர் சாலை ஆகியவற்றின் செலவுக்கணக்கு அதில் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கிறது. மருத்துவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், அவர்களுக்கு 60 கலம் நெல்லும் 2 காசும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். தண்ணீர் கொண்டுவர ஆள். இரவு முழுக்க எரிய விளக்கு ஒன்றுக்கு எண்ணெய்.

மருந்துப் பட்டியலில் இருபது பெயர்கள். அவற்றில் ஒன்று வாசா அரிதகி. வாசா என்றால் ஆடாதோடை, அரிதகி என்றால் கடுக்காய். இருமலுக்கும் இளைப்புக்கும் கொடுக்கிற லேகியம் அது. இன்றும் உத்திரமேரூர்ப் பக்கம் வேலியோரத்தில் ஆடு தொடாமல் நிற்கிற அதே செடி. அதில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளைப் பின்பற்றித்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸின் மருந்து பின்னாளில் உருவானது. ஆக, மூச்சு முட்டி வந்தவரைப் படுக்கவைத்து வைத்தியம் பார்க்கும் ஏற்பாடு இந்த ஆற்றங்கரையில் ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. லேகியம் எவ்வளவு பேரைக் காப்பாற்றியது என்று கல்வெட்டு சொல்லாது. என்னை அதில் நிறுத்துவது வேறொன்று. மருத்துவரின் பெயரோடு, மருந்தைச் சுமந்து வருகிறவனின் கூலியும் கல்லில் ஏறியிருக்கிறது. சுமந்து வர ஆள் இல்லாவிட்டால் மருந்து இல்லை என்று அதை எழுதச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி ஐரோப்பாவைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1774 ஆகஸ்ட் 1 அன்று ஜோசப் பிரீஸ்ட்லி பாதரச ஆக்சைடின் மேல் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து ஒரு புதுக் காற்றை வெளியேற்றினார். சுவீடனில் கார்ல் ஷீல அதற்கு முன்பே அதைப் பிரித்திருந்தாலும் அச்சில் வரத் தாமதமானது. அதற்கு இன்றைய பெயரை வைத்தவர் பாரிஸில் லவாய்சியர். 1799-இல் பிரிஸ்டலில் தாமஸ் பெட்டோஸ் வாயுக்களை மருந்தாகக் கொடுக்கவே ஒரு நிலையம் தொடங்கினார், அது நீடிக்கவில்லை. அடுத்த நூறு ஆண்டுகளும் ஆக்சிஜன் மருத்துவர்களிடம் தடுமாறிக்கொண்டே இருந்தது. ஒரு புனலை நோயாளியின் முகத்துக்கு அருகே பிடித்துக் கொஞ்ச நேரம் வாயுவை விடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். பெரும்பகுதி அறைக் காற்றில் கலந்து வீணாகும்.

அதை மாற்றியது முதல் உலகப்போரின் நச்சுப்புகை. 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் குளோரின் விடப்பட்ட பிறகு, நுரையீரல் வெந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியலாளர், முகத்தோடு பொருந்தும் மூடியும் வாயுவைச் சேர்த்துவைக்கும் பையும் கொண்ட கருவியை வடிவமைத்தார். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து, நிறுத்தாமல் கொடுக்க வேண்டும் என்று 1917-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அளவும் தொடர்ச்சியும் என்ற இரண்டு விதிகள் அங்கே பிறந்தன. இன்று 108 ஆம்புலன்ஸ் வண்டியில் மாட்டுகிற பை வைத்த மாஸ்க், ஹால்டேன் கருவியின் வழித்தோன்றல்தான்.

தொடர்ச்சியாகக் கொடுக்க நிறைய வாயு வேண்டும். அது ஏற்கெனவே தொழிற்சாலைகளில் இருந்தது. ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்ட 1895-இல் காற்றைத் திரவமாக்கி, 1902 வாக்கில் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டினார். காற்றை மைனஸ் 180 டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால், ஆக்சிஜனும் நைட்ரஜனும் வெவ்வேறு வெப்பநிலையில் கொதித்துப் பிரிகின்றன. வாங்கியவர்கள் பெரும்பாலும் வெல்டிங் பட்டறைக்காரர்கள். இந்தியாவிலும் அதே வரிசைதான். 1935-இல் கல்கத்தாவை மையமாகக் கொண்டு தொடங்கிய இந்தியன் ஆக்சிஜன் அண்டு அசிட்டிலீன் நிறுவனத்தின் பெயரிலேயே வெல்டிங் இருக்கிறது. மருத்துவமனை எப்போதும் இரும்புத் தொழிலின் பின்னால் வரிசையில் நின்ற வாடிக்கையாளர். 2021-இல் அந்த வரிசை ஒரே வாரத்தில் தலைகீழானதைப் பின்னால் பார்ப்போம்.

தாலுகா மருத்துவமனைக்கு ஆக்சிஜன் வந்தது சிலிண்டராகத்தான். கருப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. ஐம்பது அறுபது கிலோ எடை உள்ள பெரிய சிலிண்டரை ஊழியர் ஒருவர் லேசாகச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டியபடியே வார்டுக்குக் கொண்டுபோவதை நம் ஊர்களில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். உள்ளே வாயு நிலையில் சுமார் 7,000 லிட்டர். சாவி போட்டுத் திறந்து, மேலே அழுத்தம் காட்டும் கடிகாரத்தைப் பார்த்து, ஃப்ளோ மீட்டரின் குண்டு எந்த எண்ணில் நிற்கிறது என்று கவனித்து, தண்ணீர் பாட்டிலில் குமிழி வருகிறதா என்று உறுதி செய்து, பிறகே மாஸ்க்கை முகத்தில் வைக்க வேண்டும். நிறம் பார்க்காமல் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு துயரமான சான்று வைத்திருக்கிறது. 2011-இல் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு வந்த ஒரு தாய்க்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு போய்விட்டது. நினைவு திரும்பாமலே அவர் இறந்தார். பின்னாளில் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரின் நிறம் நீலம். சிலிண்டரைத் தொடுகிற கடைநிலை ஊழியருக்கு முறையான பயிற்சி தராமல், தவறு நடந்தபின் அவரை மட்டும் கைகாட்டுகிற வழக்கத்தை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கைகளில்தான் மொத்தச் சிகிச்சையும் இருக்கிறது.

சிலிண்டர் மருத்துவமனைக்குள் இருந்தாலும் நோயாளி வெளியே இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்ச் சுற்றுக் கிராமங்களில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால், வாடகைக் காரோ ஆட்டோவோ பிடித்து, நோயாளியைப் பின்சீட்டில் சாய்த்து, ஜன்னலைத் திறந்துவைத்து, துண்டால் விசிறியபடி ஓட வேண்டும். காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனை ஒருபுறம், செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மறுபுறம். எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அந்த முப்பது கிலோமீட்டரில் ஆக்சிஜன் கிடையாது.

2008 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளில், தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதுவரை ஆம்புலன்ஸ் என்றால் படுக்கவைத்துக் கொண்டுபோகிற வண்டி. 108-இல் பைலட் என்று அழைக்கப்படுகிற ஓட்டுநரோடு, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் பின்னால் உட்கார்ந்து வந்தார். வீட்டு வாசலிலேயே மாஸ்க் வைக்கப்பட்டது. இந்தத் தாலுகாவின் மருத்துவ வரலாற்றில் இதற்கு ஈடான மாற்றம் அம்மை குத்தலுக்குப் பிறகு வேறு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போதும் ஒரு சங்கடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. “ஆக்சிஜன் வெச்சிட்டாங்களாமே?” என்று ஊரில் ஒருவர் கேட்டால், அடுத்த வாக்கியத்தில் உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பச் சொல்வார். மாஸ்க் ஏறினால் கடைசிக் கட்டம் என்ற அச்சம் அவ்வளவு ஆழமானது. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. சிலிண்டர் அரிதாக இருந்த நாட்களில், சாகும் நிலைக்கு வந்தவருக்குத்தான் அது கிடைத்தது. பார்த்தவர்கள் அதையே முடிவாக எடுத்துக்கொண்டார்கள். மாஸ்க்கைப் பிடுங்கிப் போடுகிற பாட்டிகளிடம் மருத்துவ உதவியாளர்கள் பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. ‘இது கொஞ்ச நேரத்துக்குத்தான் ஆயா, நெஞ்சு லேசானதும் எடுத்துடுவோம்’ என்று ஒருவர் பொறுமையாகச் சொல்வதும் சிகிச்சைதான்.

இன்னொரு பக்கம், ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நல்லது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. மாரடைப்பு என்றால் உடனே மாஸ்க். 2015-இல் ஆஸ்திரேலியாவிலும் 2017-இல் சுவீடனிலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள், ரத்தத்தில் ஆக்சிஜன் சரியாக இருக்கும் மாரடைப்பு நோயாளிக்குக் கூடுதல் ஆக்சிஜனால் நன்மை இல்லை என்று காட்டின. அதற்கு முன்பே, 2008-இல் பிரிட்டனின் மார்பு மருத்துவர் சங்கம் அளவைத் தெளிவாக எழுதியது. ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு பொதுவாக 94 முதல் 98 சதவீதம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு 88 முதல் 92 போதும். அதைத் தாண்டி ஏற்றினால் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி அவரை மயக்கத்தில் தள்ளலாம்.

இந்த இரண்டாவது எண் நம் ஊருக்கு மிக முக்கியமானது. உத்திரமேரூரைச் சுற்றிக் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. அந்தத் தூசியைச் சுவாசித்த நுரையீரல்கள் இருக்கின்றன. பீடியைத் தொடாமலே நாற்பது ஆண்டு விறகடுப்பு முன் உட்கார்ந்த பெண்கள் இருக்கிறார்கள். போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகக் கிராமத்துச் சமையலறைப் புகையை ஆண்டுக்கணக்கில் அளந்து, அது நுரையீரலை எப்படிச் சிதைக்கிறது என்று உலகத்துக்குக் காட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு பெண்மணி இளைப்போடு 108-இல் ஏறும்போது, பதட்டத்தில் ஃப்ளோ மீட்டரை முழுக்கத் திறந்துவிடுவது அவருக்குக் கேடு செய்யும். 2010-இல் டாஸ்மேனியாவில் 405 நோயாளிகளை வைத்து ஆம்புலன்ஸிலேயே ஒரு சோதனை நடந்தது. அளவில்லாமல் கொடுத்த பிரிவில் இறப்பு 9 சதவீதம், அளந்து கொடுத்த பிரிவில் 4 சதவீதம். வண்டிக்குள் நடந்த அந்தச் சிறு வித்தியாசம் உயிர்களாக எண்ணப்பட்டது. உத்திரமேரூர் ஏரியின் மதகைத் தேவைக்கேற்பத் தூக்கி இறக்குகிற நீர்க்கட்டியின் கைப்பக்குவம் ஆக்சிஜன் கொடுப்பவருக்கும் வேண்டும்.

அளப்பதற்கான கருவியைத் தந்தவர் ஜப்பானின் தகுவோ ஆவோயாகி. 1974-இல், நாடித்துடிப்போடு மாறும் ஒளியிலிருந்து ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணக்கிடலாம் என்று அவர் கண்டார். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் அந்த யோசனையின் பிள்ளை. 2020 ஏப்ரலில், உலகம் முழுக்க அந்தக் கருவியைத் தேடி அலைந்த நேரத்தில், அவர் காலமானார். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டக்கூடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் கருவி தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்று மடங்கு. வெயிலில் உழைத்துக் கறுத்த விரல்களுக்கு மாட்டும் நாம் இதை நினைவில் வைக்க வேண்டும். எண் 94 என்று நின்றாலும், நெஞ்சுக்குழி உள்ளிழுக்கிறதா, ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று கண்ணால் பார்க்கும் பழக்கம் போய்விடக் கூடாது.

2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்தது. மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டு மாவட்டத்தோடு போனது. திரவ ஆக்சிஜன் தயாரிக்கும் ஆலை இருக்கிற ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரத்தோடு நின்றது. உத்திரமேரூர் இரண்டுக்கும் தெற்கே, சிலிண்டரை எதிர்பார்த்து இருந்தது. அடுத்த பதினெட்டு மாதங்களில் இந்த வரைபடம் உயிர்ப் பிரச்சினையாகும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க முடியாது.

2021 ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்தது. தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் விற்பதை, சில துறைகளுக்கு மட்டும் விலக்களித்து, மத்திய அரசு 22-ஆம் தேதி முதல் நிறுத்தியது. நூறு ஆண்டாகப் பின்னால் நின்ற மருத்துவமனை முன்னால் வந்தது. ஆனால் எந்த மருத்துவமனை என்ற கேள்வி எழுந்தது. தேசிய ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டுக்கு 220 டன் என்று எழுதப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் உற்பத்தியில் 80 டன் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பப்பட்டது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மாநிலத்தின் பயன்பாடு ஏற்கெனவே 310 டன்னைத் தொட்டுவிட்டது, விரைவில் 450 டன் தேவைப்படும், உற்பத்தித் திறனோ 400 டன்தான், திருப்பியதை ரத்து செய்யுங்கள் என்பது அதன் சாரம். 80 டன் என்றால் எவ்வளவு என்று பார்த்தால், வாயுவாக மாற்றினால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய சிலிண்டர்கள். அண்டை மாநிலத்து நோயாளியும் மனிதன்தான். அவனுக்குக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆலை வாசலிலிருந்து எந்த வார்டுக்கு எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும் என்று பார்க்காமல் டன் கணக்கை மட்டும் பார்த்துப் போட்ட திட்டம் அது என்பதே என் குறை.

மே 4-ஆம் தேதி இரவு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில மணி நேரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். குழாயில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். பற்றாக்குறையால் இறப்பு நேரவில்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். ஆக்சிஜன் ஆலை இருக்கும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அந்த மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணத் தொலைவு. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து அவசரமாகக் கொண்டுபோகிற நோயாளிகளுக்கு அதுதான் பெரிய நம்பிக்கை. அந்த இரவுக்குப் பிறகு எத்தனை வீடுகளில் ‘எங்கே கொண்டுபோவது’ என்ற கேள்விக்கு விடை தெரியாமல் நின்றிருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

அந்த மே மாதத்தில் ஒரு கணக்கு எல்லா ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் மனப்பாடம். சிறிய சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் வேண்டிய நோயாளிக்கு அது 100 நிமிடம் வரும். உத்திரமேரூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால், மருத்துவமனை வாசலைத் தொடும்போது கையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. சாதாரண நாளில் அது தாராளம். படுக்கை காலியில்லாமல், சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற நாட்களில் அது போதவில்லை. வண்டியே வார்டாக மாறியது. பெரிய சிலிண்டர் வைத்த வண்டிக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதுவும் ஒரே நோயாளி என்றால். பல ஊர்களில் தன்னார்வலர்கள் பேருந்துக்குள் சிலிண்டர்களை அடுக்கி, காத்திருப்பவர்களை ஏற்றி உட்காரவைத்தார்கள்.

மே 7-இல் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். ஒதுக்கீடு 419 டன்னாக உயர்ந்தது, பிறகு 519 ஆனது. 2018 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தபின் மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் வளாகத்தில், ஆக்சிஜன் தயாரிக்க மட்டும் உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 27-இல் அனுமதித்திருந்தது. மே 13-இல் அங்கிருந்து முதல் லாரி 4.8 டன்னோடு கிளம்பியது. மறுநாள் மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து 80 டன் சுமந்த ஆக்சிஜன் ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்தது. திருப்பிவிட்ட அதே அளவு, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வந்து இறங்கியது.

லாரி நின்றால் மூச்சு நிற்கும் என்ற பாடத்தை டென்மார்க் நமக்கு முன்பே படித்தது. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி மூச்சுத்தசைகள் செயலிழந்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தச் சொன்னார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். பிறகு அதே நாட்டில் லாரி ஓட்டுநர் வேலைநிறுத்தத்தால் மருத்துவமனைகளுக்கு வாயு வருவதே தடைப்பட்டது. அப்போதுதான் ஹென்னிங் ரூபன், சிலிண்டர் இணைப்பு இல்லாமலே தானாக உப்பிக்கொள்ளும் பையை யோசித்தார். முதல் மாதிரிக்கு சைக்கிள் கம்பிகள் பயன்பட்டன. 1956-இல் ஹோல்கர் ஹெஸயின் நிறுவனம் அதை வெளியிட்டது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையம் வரை இருக்கிற ஆம்பு பை அது.

இரண்டாம் அலைக்குப் பிறகு நாடு முழுக்க மருத்துவமனை வளாகங்களிலேயே ஆக்சிஜன் உற்பத்தி இயந்திரங்கள் நிறுவப்பட்டன. ஜியோலைட் என்ற கனிமத்தின் வழியே காற்றை அழுத்தினால் அது நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். சுமார் 93 சதவீத ஆக்சிஜன் வெளியே வரும். லாரி வேண்டாம், ஆனால் மின்சாரம் வேண்டும், வடிகட்டி மாற்ற வேண்டும், கற்றுக்கொண்ட ஆபரேட்டர் வேண்டும். பெருந்தொற்றின் பயம் விலகிய பிறகு இந்த மூன்றாவதுதான் முதலில் மறக்கப்படுகிறது. திறப்பு விழா நடந்த இயந்திரம் ஓடுகிறதா என்று ஆண்டுக்கொரு முறையாவது ஊர் மக்கள் கேட்க உரிமை உண்டு. மருத்துவமனைக்குள் போலவே சாலையிலும் ஆக்சிஜன் தேவை. 2021 டிசம்பர் 18-இல், உத்திரமேரூருக்குப் பக்கத்து மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்றது. விபத்தில் மண்டையில் அடிபட்டவருக்கு வழியிலேயே ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொள்வது, அறுவை அரங்கில் நடப்பதற்கு நிகரான முக்கியத்துவம் உள்ளது. மூளை சில நிமிடங்களுக்கு மேல் பட்டினி தாங்காது.

ஆக்சிஜன் கேடு செய்கிற இடங்களும், அது மட்டும் போதாத இடங்களும் உண்டு. பாராகுவாட் களைக்கொல்லி உடலுக்குள் போனவருக்கு, ஆக்சிஜன் நுரையீரல் சேதத்தை வேகப்படுத்தும். மிக அவசியமானால் தவிரக் கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று பாம்புக்கடி. கட்டுவிரியனும் நல்லபாம்பும் கடித்தால், நுரையீரல் நன்றாக இருக்கும், மூச்சுவிடும் தசைதான் படுத்துவிடும். இமை சரியத் தொடங்கி, பேச்சு குழறி, பிறகு நெஞ்சு அசையாது. மாஸ்க்கில் எத்தனை லிட்டர் விட்டாலும் உள்ளே இழுக்க ஆள் இல்லை. முப்பது கிலோமீட்டரும் ஆம்பு பையை ஒருவர் விடாமல் அழுத்திக்கொண்டே வர வேண்டும், விஷமுறிவு மருந்து ஏறி வேலை செய்யும் வரை.

அந்த விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியிலிருந்துதான் பெருமளவு போகிறது. எலிவளை தோண்டிப் பாம்பு பிடித்த இருளர்கள், தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பிழந்து, 1978-இல் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்த வரலாறு அடுத்த இதழில்.

(தொடரும்)